பச்சை உடம்புக்காரிக்குப் பாடம் சொல்வது யார்?

 

நமது வீடுகளில் ஒரு பெண் தலைப்பிள்ளை பெற்றுவிட்டால், அந்த வீட்டுக்குள் எத்தனை பொருள்கள் வந்து சேர்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூண்டு உரித்துக் குவிக்கப்படுகிறது. பால்சுறா வாங்க மீன்கடைக்கு ஆள் போகிறது. பிரசவ மருந்து கிண்டப்படுகிறது. தொட்டில், கொசுவலை, குழந்தைச் சட்டை, அகீகாவுக்கு ஆட்டுக்கிடா என்று ஒவ்வோர் உறவினரும் ஒவ்வொன்றைச் சுமந்து வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இவையெல்லாம் அன்பின் அடையாளங்கள். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், ஒன்று மட்டும் பெரும்பாலும் அந்த வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. அதுதான் கல்வி. தன் உடலில் என்ன நடக்கிறது, தன் குழந்தை எதற்காக அழுகிறது, தொழுகை எப்போது மீண்டும் கடமையாகிறது, எந்த வலியைப் பொறுக்கலாம், எந்த வலிக்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையெல்லாம் அந்த இளந்தாய்க்கு உட்கார்ந்து சொல்லித் தருபவர் யார்? பெண்கள் மதரஸாவில் நீண்ட காலமாகப் பாடம் நடத்தி வரும் நம்மிடம், படித்து முடித்துத் திருமணமாகிச் சென்ற மாணவிகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து கேட்கும் கேள்விகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

பிரசவித்த பெண்ணுக்கு உணவும் ஓய்வும் உரிமையாக இருப்பது போலவே அறிவும் உரிமையாகும். அதைக் கொண்டு சேர்ப்பது அவளுடைய குடும்பத்தின் மீதும் ஜமாஅத்தின் மீதும் உள்ள பொறுப்பாகும். நாம் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

பேரீச்ச மரத்தடியில் கிடைத்த ஆறுதல்

தலைப்பிள்ளை பெற்ற ஒரு தாயின் பிரசவ வேதனையை அல்குர்ஆன் நமக்கு நேரடியாகக் காட்டுகிறது. மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைத்தான் குறிப்பிடுகிறோம். ஸூரா மர்யமின் 23 முதல் 26 வரையுள்ள வசனங்களை ஓதிப் பாருங்கள். வலி அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு செல்கிறது. இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்குகிறார்கள். அல்லாஹ் தேர்ந்தெடுத்த ஒரு பெண்மணியின் நாவிலிருந்து அந்தச் சொல் வெளிப்பட்டதை மறைக்காமல் கூறும் அல்குர்ஆன், அதற்காக அவர்களைக் கண்டிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதன்பின் அவர்களுக்கு வந்த உதவியின் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல். அடுத்து, காலடியில் ஓடும் நீரோடை பற்றிய தகவல். பிறகு, மரத்தைத் தம் பக்கம் உலுக்கினால் பழம் உதிரும் என்ற செய்முறை. உண்ணவும் பருகவும் கண்குளிர்ச்சி அடையவும் அனுமதி. இறுதியாக, மனிதர்கள் எவரேனும் எதிர்ப்பட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டல். ஆறுதல், உணவு, நீர், செய்முறை அறிவு, ஊராரின் கேள்விகளிலிருந்து பாதுகாப்பு ஆகிய ஐந்தும் ஓர் இளந்தாய்க்கு ஒரே நேரத்தில் கிடைத்தன. நமது வீடுகளில் இவற்றுள் எத்தனை கிடைக்கின்றன என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு நிகழ்வும் நினைவுகூரத் தக்கது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, விடைபெறும் ஹஜ்ஜுக்காக நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்து புறப்பட்டுத் துல்ஹுலைஃபாவை அடைந்தபோது, அபூபக்ர் (ரழி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. இந்நிலையில் தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் நபியவர்களிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். குளித்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணியுமாறு பதில் வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸில் இது இடம்பெற்றுள்ளது.

இதில் நாம் வியக்க வேண்டியவை இரண்டு. பிள்ளை பெற்ற சில மணி நேரத்தில் ஒரு பெண் வெட்கப்படாமல் கேள்வி கேட்கிறார். பல்லாயிரம் பேர் சூழ்ந்திருந்த பயணத்திலும் அந்தக் கேள்விக்கு உடனே, தெளிவாக, செயலுக்குரிய விடை கிடைக்கிறது. கேட்கத் துணிந்த பெண், தாமதமின்றிக் கிடைத்த பதில் என்ற இவ்விரண்டும் சேர்ந்ததுதான் நாம் இங்குப் பேசும் கல்வி உதவி.

நாற்பது என்ற கணக்கு

நம்மிடம் மிக அதிகமாக வரும் கேள்வி தொழுகை பற்றியது. "உஸ்தாதா, இருபத்திரண்டாம் நாளே எனக்கு முழுவதும் நின்றுவிட்டது. நாற்பது முடியாமல் குளிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?" என்று ஒரு மாணவி கேட்டாள். மதரஸாவில் நிஃபாஸின் சட்டத்தைப் படித்துத் தேர்வும் எழுதியவள்தான். ஆனாலும், பாட்டிமார் நால்வர் ஒருசேரச் சொல்லும்போது, இருபது வயதுப் பெண்ணால் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட முடியுமா?

சட்டம் தெளிவானது. ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் உச்ச அளவு 40 நாள்கள். ஷாஃபிஈ மத்ஹபில் உச்ச அளவு 60 நாள்கள். 40 என்பது பெரும்பாலும் நிகழும் அளவு. குறைந்த அளவுக்கு இரு மத்ஹபுகளிலும் நாள் கணக்கு இல்லை. எனவே, 22ஆம் நாளில் உதிரம் முழுவதும் நின்று தூய்மை தெரிந்துவிட்டால், அன்றே குளித்துத் தொழ வேண்டும். நாற்பது வரை காத்திருந்தால், கடமையான தொழுகைகள் அத்தனையும் தவறிப்போகும். நின்ற உதிரம் மீண்டும் தோன்றினாலோ, உச்ச அளவைக் கடந்து நீடித்தாலோ, தாமாக முடிவெடுக்காமல் தத்தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடமோ ஆலிமாவிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறி நீடிக்கும் உதிரத்தை மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களின் ஐயங்களும் பல. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தாலும், அதன்பின் கருப்பையிலிருந்து வெளிப்படும் உதிரம் நிஃபாஸே ஆகும். தையலில் நீர் பட்டால் கேடு விளையும் என்று மருத்துவர் சொன்னால், தயம்மும் என்ற சலுகை இருக்கிறது. நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்து தொழலாம். நிஃபாஸ் காலத்தில் விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை. விடுபட்ட ரமளான் நோன்புகளைப் பின்னர் நோற்க வேண்டும். பாலூட்டும் தாய் தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால், நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம். குழந்தையின் நலனுக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே.

இன்னொன்றையும் கணவன்மார் அறிந்துகொள்ள வேண்டும். உதிரம் நின்றுவிட்டது என்பது தொழுகைக்குரிய அளவுகோல். உடல் தேறிவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. தையல் ஆறவும், களைப்பு நீங்கவும், மனம் இசையவும் அவளுக்கு அவகாசம் தேவை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் கணவனே நல்லொழுக்கமுள்ள கணவன்.

பாலூட்டலும் ஒரு பாடமே

"பால் ஊட்டுவதற்குமா பாடம்? அது தானாக வருவதல்லவா?" என்று சிலர் வியப்பார்கள். பால் சுரப்பது அல்லாஹ்வின் அருளால் தானாக நிகழ்கிறது. ஆனால், ஊட்டும் முறையைத் தாயும் குழந்தையும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது தலைப்பிள்ளை பிறந்தபோது நம்மிடம் இஸ்லாமியக் கல்விப் பட்டயம் இருந்தது. பாலூட்டல் பற்றிய அல்குர்ஆன் வசனங்களை மனனமாகச் சொல்லவும் தெரிந்திருந்தது. எனினும், நான்காம் நாள் இரவு மார்பில் பால் கட்டிக் கல்லாக இறுகியபோதும், குழந்தை பற்ற இயலாமல் வீறிட்டபோதும், அடுத்து என்ன செய்வது என்று நமக்குச் சொல்லும் ஒருவரும் அருகில் இல்லை. மறுநாள் காலையில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சிறிதளவு பாலைக் கையால் பீய்ச்சி, மார்பு இளகிய பிறகு குழந்தையைப் பற்ற வைத்தார். கால் மணி நேரத்தில் குழந்தை உறங்கிவிட்டது. ஓர் இரவு முழுவதையும் கண்ணீரில் கழிக்க வைத்த துன்பத்துக்கு மருந்து கால் மணி நேரப் பாடம்தான் என்பதை அன்று உணர்ந்தோம்.

அந்தப் பாடத்தின் சாரம் எளிதானது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும். முதல் சில நாள்கள் மஞ்சளாகவும் கெட்டியாகவும் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. அது குழந்தைக்கு நோயெதிர்ப்பு ஆற்றலைத் தருவது. குழந்தை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமின்றி அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் பற்ற வேண்டும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டியிருக்கும். முதல் வாரத்துக்குப் பின் ஒரு நாளில் குறைந்தது 6 முறை குழந்தை சிறுநீர் கழித்து, எடையும் கூடி வந்தால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று பொருள். குழந்தை அழுகிறது என்பதாலேயே பால் இல்லை என்று தீர்ப்புக் கூறிப் புட்டிப்பாலுக்குத் தாவுவது சரியன்று.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீரும் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்பின் மற்ற உணவுகளுடன் இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்றும் அது கூறுகிறது. பாலூட்டலை முழுமைப்படுத்த விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்பகரா 233ஆம் வசனம் குறிப்பிடுவதை இங்கு நினைவிற்கொள்வோம்.

அதே வசனம், தாய் தன் குழந்தையின் பொருட்டுத் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் கூறுகிறது. முயன்றும் பால் போதாதவர்கள், நோயுற்றவர்கள், மருத்துவர் வேறு வழி சொன்னவர்கள் ஆகியோரை "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்பது, அந்த வசனம் தடுக்கும் துன்புறுத்தலில் சேராதா? வேறு பெண் பாலூட்டவும் அனுமதித்த மார்க்கம் இது. நமது நபி (ஸல்) அவர்களே ஹலீமா ஸஅதிய்யாவிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள்தாமே!

வழக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு உரைத்துக் கொடுத்தல், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், தொப்புள் கொடியில் சாம்பலோ பொடியோ பூசுதல், குளிப்பாட்டியபின் முகத்தருகே சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகிய எதுவும் பச்சிளங் குழந்தைக்கு நன்மை செய்வதில்லை; சில கேடு செய்கின்றன. ஓராண்டு நிறையும் முன் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் பெருகி, உடலின் அசைவை முடக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். தஹ்னீக் செய்ய விரும்புவோர், நபிமொழிகளில் வந்துள்ள பேரீச்சம்பழத்தையே மேற்கொள்ளட்டும். மென்மையாக்கிய பழத்தின் சாற்றை, நன்கு கழுவிய விரலால் மேலண்ணத்தில் சிறிதே தடவுவது போதும். குறைமாதக் குழந்தையாகவோ நோயுற்ற குழந்தையாகவோ இருந்தால், மருத்துவரைக் கேட்டபின் செய்வதே பாதுகாப்பு.

தாயின் உணவிலும் கவனம் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் நீரைக் குறைப்பது, பழத்தையும் கீரையையும் விலக்குவது ஆகியன பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையல்ல. மர்யம் (அலை) அவர்களுக்கு அந்த நேரத்தில் அருளப்பட்டவை கனியும் நீரும் அல்லவா?

காரணமின்றி வரும் கண்ணீர்

பிள்ளை பெற்ற மூன்று நான்கு நாள்களில் பல பெண்களுக்குக் காரணமின்றி அழுகை வருகிறது. உடலின் சுரப்பிகளில் ஏற்படும் திடீர் மாற்றமும் உறக்கமின்மையும் இதற்குக் காரணங்கள். இரண்டு வாரங்களுக்குள் இது தானாகத் தணிந்துவிடும். ஆனால், இரண்டு வாரங்களைக் கடந்தும் துயரம் நீடித்தால், எதிலும் பிடிப்பின்றிப் போனால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், "நான் இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் தோன்றினால், அது மருத்துவம் தேவைப்படும் நோயாகும். உலக அளவில், பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு உள்ளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எட்டுப் பேரில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு பெண் இருப்பாள்.

நாம் அறிந்த ஓர் இளந்தாய், ஐந்தாம் வாரத்தில் குழந்தையைத் தூக்கவே மறுத்தாள். "ஈமான் பலவீனம், திக்ரு செய்யச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். "கண்ணேறு" என்றார் இன்னொருவர். அவளோ, திக்ரு செய்துகொண்டேதான் அழுதாள். "அல்லாஹ் கொடுத்த நிஃமத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லையே, நான் நன்றி கெட்டவளா உஸ்தாதா?" என்று அவள் கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது. முன்னர்ச் சொன்ன அதே செவிலியர் அவளைப் பார்த்ததும் நிலைமையைப் புரிந்துகொண்டார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை தொடங்கியது. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் உண்டு என்பதையும் அங்கே சொன்னார்கள். சில மாதங்களில், அல்லாஹ்வின் அருளால் அவள் தேறினாள். இன்று அந்தச் சிறுமி எமது மதரஸாவின் தொடக்க வகுப்பில் அலிஃப் பே படிக்கிறாள்.

துஆவும் ஓதிப் பார்த்தலும் நம் மார்க்கத்தில் உள்ளவை. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்று சொன்னாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதேனும் செய்துவிடுவேனோ என்று அஞ்சினாலோ, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி சேவை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

சுவரில் ஒட்டி வைக்க வேண்டியவை

கீழ்வருவனவற்றை ஒரு தாளில் எழுதித் தொட்டிலுக்கு அருகே சுவரில் ஒட்டி வைக்குமாறு மாணவிகளிடம் சொல்வது நமது வழக்கம்.

தாய்க்கு: ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அணையாடை முழுவதும் நனையுமளவு உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி.

குழந்தைக்கு: பால் குடிக்காமை, எழுப்பினாலும் சுணங்கிக் கிடத்தல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சு வாங்கும்போது மார்புக்கூடு உள்ளிழுத்தல், வலிப்பு, முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம் அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள் நிறம், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ்.

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் புறப்பட வேண்டும். 108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். "அத்தா வரட்டும், மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து போன் செய்யட்டும்" என்று யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்கும் நேரம் அதுவன்று. இதைக் குடும்பத் தலைவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும்.

பாட்டிமாரும் மாணவிகளே

"நாங்கள் எட்டுப் பிள்ளை பெற்றோம், எங்களுக்கு யார் பாடம் சொன்னார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. அவர்கள் காலத்தில் ஒரே வீட்டில் அக்காளும் சின்னம்மாவும் மாமியும் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றார்கள். பத்து வயதிலேயே தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து, பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். வீடே அவர்களுக்கு மதரஸாவாக இருந்தது. இன்றைய மணமகள் தன் குழந்தையைத்தான் முதன்முதலாகக் கையில் ஏந்துகிறாள். நாற்பது முடிந்ததும் சென்னையின் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கோ, துபாயிலோ ஷார்ஜாவிலோ உள்ள ஓரறை வீட்டுக்கோ போய்விடுகிறாள். அங்கே இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால், கைப்பேசியைத் தவிரக் கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆகவே, இளந்தாய்க்கு மட்டும் பாடம் நடத்துவது பயன் தராது. சில ஆண்டுகளுக்கு முன் எமது மதரஸாவில் சனிக்கிழமை அஸ்ருக்குப் பின் இளந்தாய்மார் வகுப்பைத் தொடங்கியபோது, மூன்று பேர்தாம் வந்தார்கள். பச்சை உடம்போடு யாரும் வீட்டை விட்டு வரமாட்டார்கள் என்பதால், வகுப்பையே வீட்டுக்கு அனுப்பினோம். ஓர் ஆலிமாவும் அந்தச் செவிலியரும் இணைந்து மூன்று முறை செல்வார்கள்: மருத்துவமனையிலிருந்து வந்தவுடன் ஒருமுறை, இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை. உலக சுகாதார நிறுவனம் பிரசவத்துக்குப்பின் பரிந்துரைக்கும் சந்திப்புகளின் காலமும் ஏறத்தாழ இதுவே. ஒவ்வொரு முறையும் பாட்டிமாரையும் உடன் அமர்த்திக்கொள்வோம். அவர்களின் அனுபவத்தை முதலில் கேட்போம். அதில் நல்லதைப் பாராட்டுவோம். தாயை வேலை செய்ய விடாமல் நாற்பது நாள் தாங்கிப் பிடிக்கும் வழக்கத்தைவிட நல்ல வழக்கம் உண்டா? அதைச் சொல்லிவிட்டு, சீம்பாலைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்கிறார்கள். தம் பேத்தியின் வீட்டில் கற்றதை அடுத்த தெருவில் போய்ச் சொல்லும் பாட்டிமாரும் இப்போது நமது ஊரில் இருக்கிறார்கள்.

தந்தையருக்கும் பாடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பாலூட்டுவதைத் தவிர மற்ற அனைத்தையும் தந்தையால் செய்ய முடியும். ஈரத்துணி மாற்றலாம், ஏப்பம் வரத் தோளில் போட்டுத் தட்டலாம், தாய் நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கக் காவல் இருக்கலாம். பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து முடிவு செய்யச் சொல்லும் மார்க்கத்தில், குழந்தை வளர்ப்பு தாயின் தனிச் சுமையாக எப்படி ஆகும்?

ஜமாஅத்தார் கவனத்திற்கு

பெண்கள் தமக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒரு நாளைக் குறித்து அவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். தொழுகையை நீட்டி ஓத எண்ணி நின்றவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதன் தாயின் மனம் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். குழந்தையின் அழுகைக்காக அவர்கள் தொழுகையையே சுருக்கியிருக்க, அந்தத் தாய்மாருக்காக நாம் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கக் கூடாதா?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. திருமணப் பதிவுக்கு வரும் மணமக்களிடம் ஒரு சிறு நூலைக் கொடுக்கலாம். கருவுற்ற ஏழாம் எட்டாம் மாதத்திலேயே பாடத்தைத் தொடங்கிவிடலாம். வலியும் களைப்பும் வந்தபின் கற்பதைவிட அது எளிது. ஊரிலுள்ள ஓய்வுபெற்ற செவிலியரையும் கிராம சுகாதார செவிலியரையும் அழைத்துப் பேசச் செய்யலாம். குழந்தைக்குப் பிறந்தவுடனும், 6, 10, 14ஆம் வாரங்களிலும் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் மகள்களுக்காக, கேள்வி கேட்கக்கூடிய ஓர் ஆலிமாவின் எண்ணை வாட்ஸ்அப்பில் வழங்கலாம். அகீகா விருந்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே இதற்குப் போதும்.

சகோதரிகளே! உங்கள் தெருவில் இந்த மாதம் தலைப்பிள்ளை பெற்ற பெண் யார் என்று விசாரியுங்கள். பலகாரத்தோடு போங்கள், தடையில்லை. ஆனால், குழந்தை யார் சாயல் என்று கேட்பதற்கு முன்னால், "நீ எப்படி இருக்கிறாய்? இரவு உறங்கினாயா? ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேளுங்கள். அவள் பேசட்டும். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கொண்டு சேர்ப்பியுங்கள்.

பலவீனத்துக்கு மேல் பலவீனத்தைச் சுமந்து நம்மைப் பெற்றெடுத்த தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக! இளந்தாய்மாரின் உடலுக்கு நலத்தையும் உள்ளத்துக்கு அமைதியையும் அவர்களின் குழந்தைகளுக்கு ஸாலிஹான வாழ்வையும் வழங்குவானாக! கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.